இரண்டு நஸ்ரி, ஒரு மணி

கந்தலஃப்த் வீட்டார் – அத்தியாயம் பதினான்கு

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாளான லாசரு சனிக்கிழமை காலையில் மிகாயில் கந்தலஃப்த் கோயில் விளக்குகளின் கண்ணாடிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நேற்றே தேய்த்து வைத்த கண்ணாடிகள்தாம். மறுபடியும் தேய்த்தார்.

"ஓட்டை விழுந்துடப் போகுது" என்றாள் அவர் மனைவி நஸ்ஹா. "கண்ணாடி என்ன பாவம் பண்ணிச்சு?"

மிகாயில் அடுத்த கண்ணாடியை எடுத்தார்.

பிரேசிலிலிருந்து திரும்பிய தௌஃபீக் இவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து இரண்டு செய்திகளைச் சொல்லிவிட்டுப் போனதையும், மிகாயிலின் கையிலிருந்த காப்பி குடிக்காமலே ஆறிப்போனதையும் சென்ற வாரம் பார்த்தோம். அந்த இரண்டு செய்திகளும் இன்று காலை வரை இந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை.

கந்தலஃப்த் என்றால் கோயில் விளக்கேற்றுகிறவன். முன்னொரு காலத்தில் கொள்ளைநோய்க்குப் பயந்து கஃபர்ஸைத் ஊரே மலைமேல் ஓடிப்போனதாம். நஸ்ரி என்ற ஒருவன் மட்டும் தினமும் அந்தியில் இறங்கி வந்து, மார் ஜிரியஸ் கோயிலில் விளக்கேற்றிவிட்டுத் திரும்புவானாம். மேலே இருந்தவர்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்து, 'ஆண்டவர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்' என்று சொல்லிக்கொள்வார்களாம். அவன் செய்த வேலையே அவன் வம்சத்துக்குப் பெயராயிற்று.

பிறகு கோயில் மணியும் அவர்கள் கைக்கு வந்தது. மணியோடு ஒரு விதியும் வந்தது. சாவு மணி அடிக்கும் முன்னால் கந்தலஃப்த் அந்த வீட்டுக்குக் காலால் நடந்து போய், வாயால் சொல்ல வேண்டும். எந்தத் தாயும் தன் பிள்ளையின் சாவை மணியிடமிருந்து தெரிந்துகொள்ளக் கூடாது.

ஊர் நம்பிப் பிழைத்த பட்டு விலை விழுந்தபோது பையன்கள் கப்பல் ஏறினார்கள். இப்போது ஊரில் இருக்கும் கந்தலஃப்த்களைவிடப் பிரேசிலில் துணிமூட்டை சுமந்து விற்கும் கந்தலஃப்த்கள் அதிகம். எங்கே தங்கினாலும் சனிக்கிழமை அந்தியில் ஒரு விளக்கு ஏற்றாமல் இருக்க மாட்டார்களாம்.

மிகாயிலுக்கு அண்ணன்மார் இருவர் இருந்தார்கள். மூத்தவர் மித்ரி, அடுத்தவர் இல்யாஸ். இருவருக்கும் ஒரே மாதத்தில் தலைப்பிள்ளை பிறந்தது. தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர் என்பது வழக்கம். "அப்பா உனக்கு மட்டும்தான் அப்பாவா?" என்று ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்டதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கும். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பிள்ளையும் நஸ்ரி ஆயிற்று.

மித்ரியின் மனைவி சலீமே பெற்றவன் பெரிய நஸ்ரி. இல்யாஸின் மனைவி வர்தே பெற்றவன் சின்ன நஸ்ரி. ஊருக்குள் குழப்பம் வந்ததே இல்லை. இருவரும் ஒன்றாகக் கப்பல் ஏறியபோது 'பெரிய', 'சின்ன' என்பதெல்லாம் கரையிலேயே நின்றுவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் இருவருமே வெறும் நஸ்ரி கந்தலஃப்த்.

போன ஒலிவ அறுவடையின்போது பஸ்காரர் அஸீஸ் பெய்ரூத்திலிருந்து வந்து இறங்கினார். "மிகாயில் அண்ணே, துறைமுகத்துல ஒருத்தர் சொன்னார். உங்க நஸ்ரி கந்தலஃப்த் தவறிட்டானாம்" என்றார்.

"எந்த நஸ்ரி?"

"அது தெரியாதே. நஸ்ரி கந்தலஃப்த்னுதான் சொன்னார்."

அஸீஸ் அதைக் காப்பிக் கடையிலும் சொல்லியிருந்தார். பொழுது சாய்வதற்குள் யார் வாயிலிருந்தாவது எந்தத் தாயின் காதிலாவது விழுந்துவிடும். மிகாயில் அவசரமாக நடந்தார். வாதுமை மரத்தடியில் பாதை பிரிகிறது. வலப்பக்கம் சலீமே வீடு, இடப்பக்கம் வர்தே வீடு. கணவனை இழந்த இரண்டு பெண்கள்.

சலீமேக்கு இன்னும் இரண்டு மகன்கள் இருக்கிறார்கள். வர்தேக்கு அவன் ஒருவனே.

மிகாயில் வலப்பக்கம் திரும்பினார். 'பெரியவனுக்குத்தானே போன வருஷம் காய்ச்சல் வந்தது, அவனாகத்தான் இருக்கும்' என்று நடந்துகொண்டே காரணம் தேடிக்கொண்டார். காரணம் பின்னால்தான் வந்தது. கால் முன்னாலேயே திரும்பிவிட்டது.

அன்று அடித்த மணிக்கு சலீமே கறுப்பு உடுத்தினாள். இன்னும் உடுத்தியிருக்கிறாள்.

தௌஃபீக் கொண்டுவந்த செய்தி இதுதான். செத்தது சின்ன நஸ்ரி. அவன் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவன் பெரிய நஸ்ரி. 'சித்திக்குக் கடுதாசியில எழுத மாட்டேன். நம்ம வீட்டு வழக்கம் அது இல்ல. ஊர்க்காரர் யாராவது நேர்ல போய்ச் சொல்லணும்' என்று அவன் தன் அம்மாவுக்குக்கூட எழுதாமல் பிடிவாதமாகக் காத்திருந்து, தௌஃபீக் கப்பல் ஏறும்போது சொல்லியனுப்பியிருக்கிறான். பிள்ளை அங்கே விதியைக் காப்பாற்றினான். இங்கே விதியைக் காப்பாற்ற வேண்டியவர் வீடு மாறிப் போயிருந்தார்.

இரண்டாவது செய்தியும் உண்டு. போன வருஷம் சின்ன நஸ்ரியைக் கட்டிக்கொண்ட பெண், தௌஃபீக் கப்பல் ஏறும்போது ஏழு மாதம்.

"கிளம்புங்க" என்று நஸ்ஹா கண்ணாடியைக் கையிலிருந்து பிடுங்கினாள். "முதல்ல சலீமே அக்கா வீட்டுக்குப் போங்க. அவங்களையும் கூட்டிக்கிட்டு வர்தே அக்கா வீட்டுக்குப் போங்க. அங்க ஒரு பொம்பளைத் தோள் வேணும்."

"வயித்துப் பிள்ளை விஷயத்தை இப்போ சொல்ல வேண்டாம், நஸ்ஹா. பொறந்து நல்ல சேதி வரட்டும். சொல்லி, அதுவும் தப்பாப் போச்சுன்னா வர்தே அண்ணி தாங்குவாங்களா?"

"மறுபடியும் தராசைக் கையில எடுக்காதீங்க" என்றாள் நஸ்ஹா. "யாருக்கு எவ்வளவு தாங்கும்னு நிறுத்துப் பார்க்கிறது ஆண்டவர் வேலை. உங்க வேலை விளக்கேத்தறது."

---

சலீமே முற்றத்தில் முறத்தை வைத்துப் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். செத்து எழுந்த லாசருவின் பாட்டைப் பாடி முட்டை வாங்கும் பிள்ளைகள் கூட்டமாக வந்து, அவள் வாசல் வந்ததும் வாயில் விரலை வைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். துக்க வீட்டில் பாடக் கூடாது.

"பாரு, மிகாயிலு" என்றாள். "என் வீட்டை மட்டும் பூனை மாதிரி தாண்டறாங்க. முட்டை எடுத்து வெச்சிருக்கேன். வாங்கிக்கிட்டுப் போகக் கூடாதா?"

மிகாயில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது என்று பயந்தார்.

"அண்ணி, உங்க நஸ்ரி உயிரோட இருக்கான்."

பருப்பு பொறுக்கிய விரல் நின்றது.

"யார் சொன்னா?"

"தௌஃபீக். அவன் வீட்டுல தங்கி, அவன்கூடச் சாப்பிட்டுட்டு வந்திருக்கார். 'நல்ல பிள்ளைதான், ஆனா ரொட்டியோட ஓரத்தை எல்லாம் கிள்ளிக் கிள்ளித் தட்டுல ஒதுக்கி வெச்சிடறான்'னு சொன்னார்."

முறம் சரிந்து பருப்பு முற்றமெங்கும் ஓடியது. சலீமே அழவில்லை. சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண் மட்டும் தனியாக ஒழுகியது.

"அந்தத் திமிர் இன்னும் போகலையா! நான் அடிச்சும் திருந்தலையே! பிரேசில்ல எவ அதைப் பொறுக்கிப் போடறாளோ!"

கறுப்பு முக்காட்டை இழுத்து எறியப் போன கை பாதியில் நின்றது.

"அப்போ அந்த மணி யாருக்கு?"

மிகாயில் வாதுமை மரத்துப் பக்கம் பார்த்தார்.

"வர்தே பிள்ளையா?"

ஆமென்று தலையசைத்தார். சலீமே கையை மடியில் இறக்கி வைத்தாள்.

"அன்னைக்கு அஸீஸ் 'பெரிய நஸ்ரி'ன்னா சொன்னான்?"

"இல்ல, அண்ணி."

"பின்னே எதுக்கு என் வீட்டுக்கு வந்தே?"

காய்ச்சல் கதை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அரை வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிப் பழகிய கதை. மிகாயில் அதை விழுங்கினார்.

"உங்களுக்கு இன்னும் ரெண்டு பேர் இருக்காங்கன்னு வந்தேன்."

"எண்ணிப் பார்த்தியா?"

"அண்ணி..."

"என் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தியா, மிகாயிலு? ஒண்ணு போனா ரெண்டு மிச்சம்னு?" கையை விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதுல எந்த விரலை வெட்டினா வலிக்காது? காட்டு. வெட்டிக் கொடுத்துடறேன்."

சலீமே கையை இறக்கி வாசலைக் காட்டினாள்.

"வெளிய போ."

மிகாயில் வாசல்வரை போனார். அதற்கு மேல் கால் போகவில்லை. வர்தே வீட்டுக்குத் தனியாக நடக்கத் தைரியமில்லாமல் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'ஆண்டவரே, இந்தப் பெண்ணிடம் கேட்க எனக்கு வாயில்லை. நீர் கேளும்' என்று மனதுக்குள் சொன்னார்.

கதவு திறந்தது. சலீமே முகம் கழுவியிருந்தாள். கறுப்பு முக்காடு முன்னைவிட இறுக்கமாகக் கட்டியிருந்தது.

"நட" என்றாள்.

"அண்ணி, கறுப்பு இன்னும்..."

"அவ வாசல்ல போய் வெள்ளை முக்காட்டோட நிக்கச் சொல்றியா? அறிவிருக்கா உனக்கு? நட."

---

வர்தே வீட்டிலிருந்து சோம்பு போட்ட ரொட்டி வேகும் மணம் பாதை வரை வந்தது. பாதாமிப் பழத்தின் இள ஆரஞ்சு நிறத்துச் சட்டையில், கையெல்லாம் மாவோடு, அவள் வாசலில் பிள்ளைகளுக்கு நடுவே நின்றிருந்தாள்.

"எழுந்து வா, லாசரு, எழுந்து வா! வாசலிலே உன் அக்காமார் அழுறாங்க!"

பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடினார்கள். மிகாயில் கண்ணை மூடிக்கொண்டார்.

"போதும்டா, செத்தவன் பயந்து மறுபடி படுத்துக்குவான்" என்று வர்தே சிரித்தாள். ஆளுக்கொரு முட்டை வைத்தாள். "ஏய் பல்லில்லாதவனே, நீ மெல்ல நேரமாகும், ரெண்டா எடுத்துக்கோ." பிள்ளைகள் ஓடியதும்தான் இவர்களைப் பார்த்தாள். "அக்கா! நானே வரணும்னு இருந்தேன். உங்க வீட்டுல இப்போ பலகாரம் சுடக் கூடாதே, அதான் உங்களுக்கும் சேர்த்துச் சுட்டேன். உள்ள வாங்க."

உள்ளே சுவரில் சின்ன நஸ்ரியின் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண் அவன் தோளில் கை வைத்து நின்றிருந்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் என் வீட்டைப் புதுசாப் பார்க்கிற மாதிரி நிக்கிறீங்க?"

"மிகாயிலு, நீயே சொல்லு" என்றாள் சலீமே. "மணி அடிச்சவன் நீ."

"அண்ணி" என்றார் மிகாயில். "அன்னைக்கு நான் வீடு மாறிப் போயிட்டேன்."

வர்தேக்கு உடனே புரியவில்லை. அவரைப் பார்த்தாள். சலீமேயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தபோது புரிந்தது.

"அப்போ பெரியவன்?" என்று கேட்டாள்.

"இருக்கான்டீ" என்றாள் சலீமே.

வர்தே மாவுக் கையோடு சிலுவை போட்டுக்கொண்டாள். "ஆண்டவரே, உமக்கு நன்றி" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவளிடமிருந்து அழுகை வெடித்தது. சலீமே பாய்ந்து பிடித்துக்கொண்டாள். இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அடுப்பில் ரொட்டி கருகத் தொடங்கியது. மிகாயில் போய் அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அடுப்பருகிலேயே சுவரைப் பார்த்து நின்றார். அழுகை ஓயும்வரை திரும்பவில்லை.

வர்தே சலீமேயின் தோளிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"அக்கா, உங்க பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, 'உங்களுக்கு இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களே'ன்னு நானே எத்தனை தடவை சொன்னேன்! சொல்லிட்டு இங்க வந்து, கதவைச் சாத்திக்கிட்டு, 'நல்லவேளை என்னோடது இல்ல'ன்னு விளக்கேத்தி வெச்சேன். உங்க கண்ணீர்ல நான் நிம்மதியாத் தூங்கியிருக்கேன். அதை எப்படித் திருப்பித் தருவேன்?"

"எதைத் திருப்பித் தரணும்?" சலீமே தன் கறுப்பு முக்காட்டின் நுனியால் அவள் முகத்தைத் துடைத்தாள். "நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு நான் வேகவெச்ச கோதுமை யாருக்குப் போச்சு? 'உம்முடைய ஊழியன் நஸ்ரி'ன்னு சாமியார் பேர் சொல்லி ஜெபம் பண்ணும்போது நான் அழுத அழுகை யாருக்குப் போச்சு? ஆண்டவருக்கு ஆள் தெரியாதா? உன் பிள்ளை அழ ஆளில்லாமப் போகலடீ. ஒரு அம்மா இங்க அழுதா. அவ்வளவுதான்."

வர்தே அந்த முக்காட்டு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டே மிகாயிலைப் பார்த்தாள்.

"ஏன் தம்பி என் வீட்டைத் தாண்டிப் போனே?"

"உங்களுக்கு அவன் ஒருத்தன்தானேன்னு. நீங்க தாங்க மாட்டீங்கன்னு."

"பாவப்பட்டுச் செஞ்சே." அவள் மெதுவாகச் சொன்னாள். "உன்னைத் திட்டக்கூட எனக்கு வாய் வரல. அதான் கஷ்டமா இருக்கு."

"நான் திட்டறேன், எனக்கு வரும்" என்றாள் சலீமே. "மரத்தடியில நின்னியே, மிகாயிலு. எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு, 'ரெண்டுல ஒருத்தன் போயிட்டான், யாருன்னு எனக்குத் தெரியல'ன்னு சொல்லியிருக்கக் கூடாதா? நாங்க ஒரே வீட்டுல உட்கார்ந்து பயந்திருப்போம். ஒருத்தி கையை ஒருத்தி பிடிச்சிருப்போம். ஆளுக்கொரு வீட்டுல தனியா உட்கார வெச்சிட்டியே."

இத்தனை எளிய வழி ஒன்று அங்கே இருந்ததை மிகாயில் அப்போதுதான் கண்டார். அந்த மரத்தடியில் அவருக்கு இரண்டு பாதைதான் தெரிந்தது. நின்ற இடத்திலேயே நின்று, 'எனக்குத் தெரியாது' என்று சொல்வது மூன்றாவது பாதை என்று தோன்றவே இல்லை. நல்லது செய்யப் போகிறவனுக்குத்தான் அந்தப் பாதை கண்ணில் படாது போலும்.

அவர் தொப்பியை எடுத்தார். "சாமியார்கிட்ட சொல்லிட்டு வரேன். மணி அடிக்கணும்."

பக்கத்து வீட்டு வாசலில் பிள்ளைகள் மறுபடி லாசருவை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வர்தே காது கொடுத்துக் கேட்டாள்.

"இன்னைக்கு அடிக்காதே, தம்பி."

"அண்ணி, அவனுக்கு அடிக்க வேண்டிய மணி..."

"அரை வருஷம் காத்திருந்தவன் ரெண்டு நாள் காத்திருப்பான். நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு. பிள்ளைங்க புதுத்துணி போட்டு, மெழுகுவத்தி பிடிச்சுக் கோயிலைச் சுத்தற நாள். இப்போ மணி அடிச்சா எந்த வீட்டுலயும் புதுத்துணி பெட்டியை விட்டு வெளிய வராது. திங்கட்கிழமை அடி."

"அதுவரைக்கும் ஊர் கேட்டா?"

"எதுக்குக் கேட்கும்? அக்கா கறுப்புல இருப்பாங்க. நான் இந்தச் சட்டையிலேயே வருவேன்."

சலீமே அவளையே பார்த்தாள். பிறகு, "தௌஃபீக் வாயை என்ன பண்றது?" என்றாள்.

"அதை நஸ்ஹா பார்த்துப்பா" என்றார் மிகாயில். அந்த நிலையிலும் சலீமேயின் உதடு லேசாக அசைந்தது. நஸ்ஹா பேச ஆரம்பித்தால் எந்த வாயும் மூடிக்கொள்ளும் என்று ஊருக்கே தெரியும்.

வாசற்படியில் கால் வைத்தபோது வர்தே கூப்பிட்டாள்.

"தம்பி, தௌஃபீக் வேற ஏதாவது சொன்னாரா?"

'இல்லை' என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. அவளைப் பார்த்தார். ஒரே நாளில் எத்தனை தாங்குவாள்? கை தானாகவே தராசைத் தூக்குவதை மிகாயில் உணர்ந்தார். படியிலிருந்து காலை எடுத்து உள்ளே வைத்தார்.

"சொன்னார், அண்ணி. பாதிதான் எனக்குத் தெரியும். அவர் கப்பல் ஏறும்போது உங்க மருமக ஏழு மாசமாம். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியாது. நல்லதா, கெட்டதா, ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

வர்தே எழுந்து போய், படத்தில் அந்தப் பெண்ணின் மேல் படிந்திருந்த மாவுத் தூசியை விரலால் துடைத்தாள்.

---

அந்தியில் மிகாயில் மார் ஜிரியஸ் கோயிலில் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்தார். பெண்கள் பக்கத்தில் இருவர் அருகருகே நின்றார்கள். மகன் உயிரோடிருப்பவள் கறுப்பில் நின்றாள். மகனை இழந்தவள் பாதாமி நிறத்தில் நின்றாள். போகிற வருகிற பெண்கள் வழக்கம்போல் சலீமேயின் கையைத் தொட்டு, "ஆண்டவர் உங்களுக்கு ஆறுதல் தரட்டும்" என்றார்கள். ஒவ்வொரு முறையும் சலீமே தலை குனிந்து அதை வாங்கி, கீழே யாருக்கும் தெரியாமல் வர்தேயின் விரல்களை அழுத்தினாள்.

கூட்டம் கலைந்தது. கடைசி விளக்குக்காக மிகாயில் தீக்குச்சியைக் கிழித்தபோது வர்தே பக்கத்தில் வந்து நின்றாள்.

"தம்பி, பெய்ரூத்துல இருந்து அடுத்த கப்பல் எப்போ?"

"எதுக்கு அண்ணி?"

"அந்தப் பிள்ளை பிறந்திருந்தா, வளர்ந்து, ஒரு நாள் 'என் அப்பா எங்கே'ன்னு கேட்கும். பிறக்காமப் போயிருந்தா அந்தப் பொண்ணு தனியா உட்கார்ந்திருப்பா. எப்படி இருந்தாலும் நம்ம வீட்டு ஆள் ஒருத்தர் நேர்ல போய் வாயால பேசணும். அதுதானே நம்ம வழக்கம்?"

"தனியாவாடீ போவே?" என்றாள் பின்னாலிருந்து சலீமே. "ரொட்டி ஓரத்தைத் தின்னாத கழுதை ஒண்ணு அங்க இருக்கு. அவன் காதைத் திருகற வேலை எனக்கும் பாக்கி இருக்கு."

இருவரும் இதுவரை திரிபோலிச் சந்தையைத் தாண்டிப் போனதில்லை. கடலைத் தொட்டதுகூட இல்லை. 'உங்களால் தாங்குமா?' என்று கேட்க மிகாயில் வாயைத் திறந்தார்.

தீக்குச்சி விரலைச் சுட்டது. அவர் வாயை மூடிக்கொண்டு, இன்னொரு குச்சியை எடுத்துக் கிழித்தார்.